கேட்டா சொல்றோம்: 10 ஓட்டுல ஜெயிச்ச மேயர்

கேள்வி: 2021ல பைடன் பதவியேற்பு விழாவுல பெரிய கம்பளி கையுறை மாட்டிக்கிட்டு கைய கட்டி உக்காந்திருந்தாரே பெர்னி சாண்டர்ஸ், அவரு முதல்ல ஒரு சின்ன ஊருக்கு மேயரா இருந்தவராமே, நெசமா? (வாசகர், தேனி)

பதில்: நெசந்தான். அமெரிக்காவுல வெர்மான்ட் மாநிலத்துல பர்லிங்டன்னு ஏரிக்கரை ஊரு, அப்போ ஜனத்தொகை சுமாரா 38,000. 1981 மார்ச்ல 10 ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சாரு, ஆமா வெறும் பத்துதான்! எதிர்ல நின்ன கார்டன் பாக்கெட் அஞ்சு தடவ மேயரா இருந்தவரு, சொத்து வரிய ஏத்தணும்னு நின்னாரு. நம்ம ஆளு அது கூடாதுன்னு வீடு வீடா கதவ தட்டுனாரு, அரசு குடியிருப்பயும் விடல, கடைசியில போலீஸ்காரங்க சங்கமே இவருக்கு ஆதரவு குடுத்துடுச்சு. சோஷலிசம்னாலே ஆகாத ரீகன் ஜனாதிபதியாகி ரெண்டு மாசம் கூட ஆகாத நேரம், நான் சோஷலிஸ்ட்னு வெளிப்படையா சொன்ன ஒருத்தரு ஜெயிச்சிருக்காரு, யோசிச்சுப் பாருங்க.

ஆனா நாற்காலி கிடைச்சுதே தவிர அதிகாரம் கிடைக்கல. கவுன்சில்ல 13 பேரு, இவரு பக்கம் ரெண்டே ரெண்டு. இவரு யாரை வேலைக்குப் போட்டாலும் மத்தவங்க சேர்ந்து ரத்து பண்ணிட்டாங்க, அதனால பழைய மேயரோட ஆளுங்கள வச்சே முத வருஷத்த ஓட்டுனாரு. அடுத்த வருஷ தேர்தல்ல இவரு ஆளுங்க சில பேரு உள்ள வந்தப்புறந்தான் மூச்சு விட முடிஞ்சுது. செஞ்சதெல்லாம் புரட்சி இல்லீங்க, தெருவுல பனி அள்ளுறது, நகராட்சி இன்சூரன்ஸுக்கு டெண்டர் விடுறதுன்னு சாதாரண வேலை. எனக்குப் பிடிச்சது 1984ல நகராட்சி பணம் போட்டு ஆரம்பிச்ச நில அறக்கட்டளை: மனை அறக்கட்டளைக்கு, வீடு மட்டும் வாங்குறவருக்கு, பின்னாடி அவரு வித்தா லாபத்துல ஒரு பங்குதான் கிடைக்கும், அதனால அடுத்து வர்ற நடுத்தரக் குடும்பத்துக்கும் அந்த வீடு எட்டுற விலையிலயே இருக்கும்.

ஊரு ஏரிக்கரைய தனியார்கிட்ட விடாம ஜனங்களுக்காக காப்பாத்துனவருன்னு ரசிகர்கள் சொல்வாங்க, ஆனா ஒண்ண விட்டுடுவாங்க. 1985ல அங்க தனியார் கூட சேர்ந்து கட்டடம் கட்டுற திட்டத்த இவரே ஆதரிச்சாரு, கடன் பத்திரத்துக்கு மூணுல ரெண்டு பங்கு ஓட்டு தேவைப்பட்டுச்சு, ஜனங்க போடல.

கேள்வி: மேயரானதும் நேரா வாஷிங்டன் போயிட்டாரா? (வாசகி, காரைக்கால்)

பதில்: எங்க! மேயர் ஆகுறதுக்கு முன்னாடியே 1972ல இருந்து 76 வரைக்கும் நாலு மாநிலத் தேர்தல் தோத்தவரு, அதிகபட்சமே 6 சதவீதம், நம்ம கணக்குல நாலுலயும் டெபாசிட் காலி. மேயரா இருக்கும்போதே 1986ல கவர்னருக்கு நின்னாரு, தோல்வி. 88ல அமெரிக்க நாடாளுமன்றத்தோட கீழ்சபைக்கு நின்னு பீட்டர் ஸ்மித்கிட்ட கொஞ்சத்துல விட்டாரு, 90ல அதே ஸ்மித்த தோக்கடிச்சாரு. 16 வருஷம் அங்க, 2007லருந்து மேல்சபையான செனட், எல்லாமே சுயேச்சையா. 2016லயும் 2020லயும் ஜனாதிபதி வேட்பாளராக ஜனநாயகக் கட்சிக்குள்ள மோதிப் பாத்தாரு, கிடைக்கல.

கேள்வி: எதிர்க் கட்சியில இப்படி யாரும் இல்லையா? (வாசகர், ஓசூர்)

பதில்: குடியரசுக் கட்சியில சாரா பேலின் இருக்காங்க. அலாஸ்காவுல வாசில்லாங்கிற ஊருக்கு 1996லருந்து 2002 வரைக்கும் மேயர், 2006ல கவர்னர், 2008ல ஜனாதிபதிக்கு நின்ன மெக்கெய்னோட துணை ஜனாதிபதி வேட்பாளர், ராக்கெட் வேகம். ஆனா மறுவருஷமே கவர்னர் பதவிய பாதியில விட்டுட்டுப் போயிட்டாங்க. 2022ல அரசியலுக்குத் திரும்பி வந்து கீழ்சபைக்கு நின்னாங்க, ஜனநாயகக் கட்சி மேரி பெல்டோலாகிட்ட ஒரே வருஷத்துல ரெண்டு தடவ தோத்தாங்க.