பேட்டரியில் சுற்றும் காற்றாலை

அன்புள்ள ஐயா,

கயத்தாறு பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். போன மாதம் எங்கள் பள்ளியில் கண்காட்சி வைத்தோம். ஏழாம் வகுப்பில் நான்கு குழுக்கள் தெர்மாகோலில் காற்றாலை செய்து வந்தார்கள். நான்கும் பேட்டரியில் சுற்றின! எல்லோரும் பாராட்டினார்கள், எனக்குத்தான் உறுத்தியது. ஜன்னலைத் திறந்தால் நிஜக் காற்றாலை தெரிகிற ஊர் இது. புதுப்பிக்கத்தக்க ஆற்றல் எவை என்று கேட்டால் சூரியன், காற்று, நீர், சாண எரிவாயு என்று ஒப்பிக்கிறார்கள். அதற்கு மேல் நகரமாட்டேன் என்கிறது. நீங்கள் மின்வாரியத்தில் வேலை பார்த்தவர் என்பதால் கேட்கிறேன், எங்கிருந்து தொடங்கலாம்? என் பெயரை வெளியிட வேண்டாம்.

— ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

அந்த நான்கு காற்றாலைகளையும் தூக்கிப் போட்டுவிடவில்லையே? அவற்றிலிருந்தே தொடங்கலாம். பேட்டரியைக் கழற்றிவிட்டு, மோட்டாரின் இரண்டு வயரையும் ஒரு சிவப்பு எல்.இ.டி.யில் கொடுங்கள். அச்சில் நூலைச் சுற்றி, பம்பரம் விடுகிற மாதிரி வெடுக்கென்று இழுக்கச் சொல்லுங்கள். விளக்கு ஒரு கணம் மினுக்கும். மினுக்காவிட்டால் வயரை மாற்றிக் கொடுத்துப் பாருங்கள், எல்.இ.டி. ஒரு திசையில்தான் மின்சாரத்தை விடும். வாயால் ஊதினால் வேகம் போதாது. என் பேத்தியோடு சேர்ந்து ஊதிப் பார்த்துக் களைத்தவன் சொல்கிறேன். மின்சாரத்தைத் தின்று சுற்றிய அதே மோட்டார், சுற்றிவிட்டால் மின்சாரம் கொடுக்கிறது. இதைக் கையால் செய்து பார்த்த பிள்ளை அடுத்த வருடம் பேட்டரியைத் தேடாது.

அப்புறம், பட்டியலுக்கு முன்னால் அளவு. மின் கணக்கீட்டாளராகப் பல வருடங்கள் வீடு வீடாக ஏறி இறங்கியவன் நான். எத்தனை யூனிட் என்று கேட்காத வீடு கிடையாது. யூனிட் என்றால் என்ன என்று கேட்டவர்கள் இரண்டு பேரோ மூன்று பேரோதான். 1,000 வாட் ஒரு மணி நேரம் என்று பாடத்தில் இருக்கும், அது மனதில் ஒட்டாது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: 10 மீட்டர் ஆழக் கிணற்றிலிருந்து 15 லிட்டர் குடத்தை மேலே இழுக்கிறோம். உராய்வையெல்லாம் விட்டுவிட்டால், ஒரு யூனிட்டுக்கு ஈடான வேலை செய்ய ஏறத்தாழ 2,400 குடம் இழுக்க வேண்டும். அந்த ஒரு யூனிட்டில் 75 வாட் மின்விசிறி 13 மணி நேரம் ஓடும், அவ்வளவுதான். கணக்கை நீங்கள் போட்டுக் காட்ட வேண்டாம், அவர்களே போடட்டும்.

உங்கள் ஜன்னலை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது. தினமும் காலை வழிபாடு முடிந்ததும், கண்ணுக்குத் தெரிகிற காத்தாடிகளில் எத்தனை சுற்றுகின்றன என்று ஒரு பிள்ளை எண்ணிச் சுவரில் எழுதட்டும். ஆனி, ஆடியில் ஏறக்குறைய எல்லாமே சுற்றும். தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்கள் வழியாக நெருக்கியடித்துக்கொண்டு வருகிற காலம் அது. ஐப்பசி வந்ததும் எண்ணிக்கை விழுந்துவிடும். எட்டாம் வகுப்புக்குப் போனதும் இன்னொன்றும் சொல்லுங்கள்: காற்றின் வேகம் பாதியானால் அதிலிருந்து கிடைக்கும் ஆற்றல் பாதியாவதில்லை, எட்டில் ஒரு பங்காகிவிடும். சோம்பலாகச் சுற்றுகிற காத்தாடி கணக்குக்குத்தான் சுற்றுகிறது.

காற்று நின்ற நாளில் நம் வீட்டு விளக்கு எப்படி எரிகிறது என்று யாராவது ஒரு பிள்ளை கேட்கும். அந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும். தூத்துக்குடி அனல் மின் நிலையத்தில் எரிகிற நிலக்கரியை அப்போது சொல்லுங்கள். கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. இரவு ஏழு மணிக்கு அந்த 648ம் பூஜ்யம். சூரியன் நல்லவன், கரி கெட்டவன் என்று கதை சொல்லி அனுப்பினால், இதைத் தெரிந்துகொள்ளும் வயதில் பிள்ளைகள் நம்மை நம்பமாட்டார்கள்.

ஒன்றை மட்டும் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மின்சாரத்தைச் சேமிப்போம் என்று பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி உறுதிமொழி எடுக்க வைக்கிறார்களே, அது. நான் கணக்கெடுத்த தெருக்களில் இரண்டு மாதத்துக்கு 60, 70 யூனிட் ஓடுகிற வீடுகள் வரிசையாக இருக்கும். ஒரு விசிறி, ஒரு டிவி, இரண்டு விளக்கு. அடுத்த தெருவில் ஒரே பங்களா 1,400 ஓட்டியிருக்கும். அரசுப் பள்ளிக்கு எந்தத் தெருப் பிள்ளைகள் வருவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அவர்கள் எதைச் சேமிப்பது? அதற்குப் பதில் வீட்டில் இருக்கும், மின் கணக்கு எழுதுகிற வெள்ளை அட்டையைக் கொண்டுவரச் சொல்லலாம் என்று நினைத்தேன். வேண்டாம், வகுப்பில் யார் வீடு சின்னது என்று தெரிந்துவிடும். பள்ளியின் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் ஏன் கூடியது, விடுமுறையிலும் ஏன் கொஞ்சம் ஓடியிருக்கிறது என்று துப்புத் துலக்கட்டும்.

புத்தகத்தில் வரும் 'வளங்குன்றா வளர்ச்சி' நல்ல சொல். குன்றாமல் இருக்க வேண்டியது எது என்று சொல்லிலேயே இருக்கிறது. அதற்கு உதாரணம் கேட்டால் மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சியைச் சொல்லலாம். 2006இல் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கினார்கள். தங்கள் தேவை போக மிச்சத்தை மின்வாரியத்துக்கே விற்றார்கள். காற்றாலை நின்றது ஓடந்துறையில் இல்லை, உடுமலைப் பக்கம் மைவாடியில். காற்று இருக்கிற இடத்தில்தானே நட முடியும்? வேறு ஊரில் சுற்றுகிற காத்தாடி இந்த ஊர்ச் செலவை எப்படிக் குறைக்கும் என்பதை ஏழாம் வகுப்புக்கு விளக்க ஒரு பீரியட் முழுவதும் ஆகும். ஆகட்டும்.

ஆடி முடிவதற்குள் எண்ணத் தொடங்கிவிடுங்கள். கார்த்திகையில் அந்தச் சுவரைப் படமெடுத்து எனக்கு அனுப்ப முடியுமா?