தார்ப் பாலையில் இரண்டு இரவுகள்: கூடாரத்தை எங்கே அடிப்பது?

கேள்வி: வள்ளியூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். “அரையாண்டு விடுமுறையில் மனைவி, 13 வயது மகள், 9 வயது மகன், 67 வயதான என் தாயார் ஆகியோருடன் ராஜஸ்தானில் ஜெய்சால்மர் அருகே உள்ள பாலைவனத் தேசியப் பூங்காவுக்குச் செல்லத் திட்டமிட்டிருக்கிறோம். நான்கு பேர் படுக்கக்கூடிய கூடாரம் ஒன்றும் வாங்கிவிட்டோம். பூங்காவுக்குள் இரண்டு இரவு தங்கி, நாங்களே சமைத்துச் சாப்பிட்டு, கானமயில் என்ற அரிய பறவையைப் பார்த்துவிட்டுத் திரும்ப ஆசை. ராதாபுரம் வட்டத்து வெயிலில் வளர்ந்தவர்கள் என்பதால் வறண்ட நிலம் எங்களுக்குப் புதிதல்ல. தண்ணீர் எவ்வளவு வேண்டியிருக்கும், பாம்புக்குப் பயப்பட வேண்டுமா, வேறு எவற்றைக் கவனிக்க வேண்டும்?”

பதில்: கூடாரம் வாங்கிய பிறகு இதைச் சொல்வதற்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது; ஆனாலும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூங்காவின் எல்லைக்குள் நமக்குப் பிடித்த இடத்தில் கூடாரம் அடித்துத் தங்க முடியாது. பெயரில் தேசியப் பூங்கா என்று இருந்தாலும், அது 1980-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட நிலம். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் நுழைவதற்கே அனுமதி வேண்டும். அந்த நிலத்துக்கு ஆபத்து நேரும்படி தீ மூட்டுவது குற்றம். காரையாற்றுச் சொரிமுத்தையனார் கோயிலில் ஆடி அமாவாசைக்குக் குடில் போட்டுத் தங்குவதற்கே வனத்துறை நாளும் இடமும் குறித்துக் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே கணக்குதான் இங்கும்.

ஆனால் இந்தப் பூங்கா நம் முண்டந்துறையைப் போல ஒரு சோதனைச் சாவடிக்குப் பின்னால் அடங்கிக் கிடப்பதன்று. ஜெய்சால்மர், பார்மேர் ஆகிய இரு மாவட்டங்களில் 3,162 சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கும் அதன் எல்லைக்குள் ஊர்கள் இருக்கின்றன, வயல்கள் இருக்கின்றன, ஆடு மாடு மேய்கின்றன. படங்களில் காணும் மணல்மேடுகள் அதன் பரப்பில் ஒரு பகுதிதான்; எஞ்சியவை கல்லாங்காடும் புல்வெளியும் உவர்நிலமும். ஆகவே ‘இதற்கு அப்பால் பூங்கா’ என்று காட்டும் கோடு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. வெட்டவெளியாகத் தெரிகிறதே என்று வண்டியை நிறுத்தி முளை அறையும் இடம் சரணாலயமாகவே இருக்கக்கூடும்.

தங்குவதற்கு மூன்று வழிகள் உண்டு. ஜெய்சால்மருக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள சம் மணல்மேடுகளை ஒட்டி வரிசை வரிசையாகக் கூடார விடுதிகள் இருக்கின்றன. கட்டில், மெத்தை, வெந்நீர் எல்லாம் கிடைக்கும். மாலையானால் ஒலிபெருக்கியும் ஆட்டமும் கிடைக்கும். டிசம்பர் கடைசி வாரத்தில் அங்கே நட்சத்திரம் பார்க்கப் போகிறவர் கல்யாண மண்டபத்தில் தூங்கப் போகிறவரைப் போலத்தான். தென்மேற்கே குரி என்ற கிராமத்துப் பக்கம் கூட்டம் குறைவு. அங்கே சிறு விடுதிகளும் வீட்டோடு சேர்ந்த தங்குமிடங்களும் உள்ளன. மூன்றாவது, பூங்காவுக்குள் சுதாசரி என்ற இடத்தில் உள்ள வனத்துறையின் குடில்கள். ஜெய்சால்மரில் இருக்கும் பூங்கா அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, அனுமதி உறுதியானால் மட்டுமே அதை நம்பிப் புறப்பட வேண்டும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதல் இரவை ஜெய்சால்மர் ஊருக்குள் கழித்துவிட்டு, இரண்டாம் இரவுக்குக் குரிப் பக்கம் ஒரு விடுதியில் தாயாருக்கும் இன்னொருவருக்கும் அறை எடுத்து, அதே விடுதிக்காரரின் சொந்த நிலத்தில், அவர் ஒப்புதலோடு, பிள்ளைகளுக்காகக் கூடாரத்தை அடிப்பேன். அந்த நிலம் சரணாலய எல்லைக்கு வெளியே இருக்கிறதா என்பதை முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். நால்வர் கூடாரம் என்று விற்கப்படுவதில், கம்பளிப் போர்வைகளோடும் பைகளோடும், மூன்று பேர்தான் நிம்மதியாகப் படுக்க முடியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி, ‘வறண்ட நிலம் எங்களுக்குப் புதிதல்ல’ என்ற உங்கள் வரிக்கு வருகிறேன். என் முதல் பயணத்தில் நானும் அதையே சொல்லிக்கொண்டுதான் போனேன். நமக்குப் பழக்கமானது வெயில். அங்கே டிசம்பரில் வெயில் ஒரு பொருட்டே அல்ல, பகலில் 24 டிகிரி அளவில் இதமாக இருக்கும். ஆனால் இரவில் சராசரியாகவே 8 டிகிரியை ஒட்டி இறங்கி, திறந்த மணல்வெளியில் சில நாள்களில் அதற்கும் கீழே போய்விடுகிறது. நமக்குக் கடல் பக்கத்தில் இருப்பதால் காற்றில் ஈரம் உண்டு. அந்த ஈரம் ஒரு போர்வையைப் போல நிலத்தின் சூட்டைப் பிடித்து வைக்கிறது. தார்ப் பாலையில் காற்று உலர்ந்தது, வானம் தெளிந்தது. மணலோ சூட்டை ஆழத்தில் சேர்த்து வைக்காதது. சூரியன் மறைந்ததும் தரை வேகமாகக் குளிர்ந்துவிடுகிறது.

அந்த முதல் பயணத்தில் நான் பத்தமடைப் பாயைச் சுருட்டி எடுத்துச் சென்றிருந்தேன். உடம்புக்குக் குளிர்ச்சி தருவதற்கென்றே நெய்யப்பட்ட கோரைப் பாயை 6 டிகிரிக் குளிரில் விரித்துப் படுத்தவனுக்கு என்ன நேருமோ அதுதான் எனக்கும் நேர்ந்தது. மேலே இரண்டு கம்பளி போர்த்தியும் முதுகு விறைத்துக்கொண்டே இருந்தது. விடிந்ததும் தலைக்குத் தேய்க்கலாம் என்று தேங்காய் எண்ணெய்ப் புட்டியை எடுத்தால், அது மெழுகுபோல வெள்ளையாக உறைந்து, கவிழ்த்தாலும் அசையாமல் நின்றது. 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறையும் என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். ஊரில் மார்கழியில்கூட அதை இப்படிக் கண்டதில்லை. குளிர் மேலிருந்து வருவதைவிடக் கீழிருந்துதான் அதிகம் வரும். ஆகவே போர்வைக்குச் செலவழிப்பதற்கு முன், ஆளுக்கொரு தடித்த நுரை விரிப்புக்குச் செலவழியுங்கள்; அதன் மேல் ஜமுக்காளம் போதும். பருத்தித் துணி வியர்வையை வைத்துக்கொண்டு குளிரூட்டும் என்பதால், மாலையானதும் எல்லோரும் உலர்ந்த உள்ளாடைக்கு மாறி, அதன் மேல் கம்பளி உடையும் காலுறையும் குல்லாவும் அணிய வேண்டும்.

இன்னொன்றையும் பலர் எதிர்பார்ப்பதில்லை. நாடு முழுவதும் கடிகாரம் ஒன்று, சூரியன் ஒன்றல்ல. டிசம்பர் கடைசியில் வள்ளியூரில் ஆறரை மணி அளவில் பொழுது புலர்கிறதென்றால், ஜெய்சால்மரில் ஏழரை ஆகும். மாலையிலோ இரண்டு ஊர்களிலும் ஏறக்குறைய ஆறு மணிக்கே இருட்டிவிடும். பதின்மூன்றரை மணி நேர இரவு அது. ஒன்பது வயதுப் பையனை அவ்வளவு நேரம் கூடாரத்துக்குள் உட்கார வைப்பது எளிதன்று. தலையில் மாட்டும் விளக்கு ஆளுக்கொன்று, மாற்று மின்கலம், சீட்டுக்கட்டு, பிளாஸ்கில் சுடுபால் ஆகியவற்றை அற்பமாக நினைக்க வேண்டாம். நிலவில்லாத இரவு அமைந்தால் வானமே பாதி நேரத்தைப் போக்கிவிடும். நாள்காட்டியில் அமாவாசையைப் பார்த்துக்கொண்டு தேதியை வையுங்கள்.

கூடாரத்தோடு வரும் மெல்லிய இரும்பு முளைகள் மணலில் நிற்கா. பழைய அரிசிப் பைகளையோ துணிப் பைகளையோ எடுத்துச் சென்று, மணல் நிரப்பி, கயிற்றைப் பையின் நடுவில் கட்டி, ஓர் அடி ஆழத்தில் புதைத்து மிதித்துவிட்டால் காற்றுக்குத் தாங்கும். புறப்படுவதற்கு முன் இட்டமொழிப் பக்கம் தெரிந்தவர் யாருக்கேனும் தேரிமண் விளை இருந்தால், ஒரு சனிக்கிழமை அங்கே போய், இருட்டிய பிறகு விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை அடித்துப் பிரித்துப் பாருங்கள். குளிரை அங்கே ஒத்திகை பார்க்க முடியாது, மணலைப் பார்க்கலாம். இரவில் கூடாரத்தை முழுவதும் மூடிவிடாமல் மேல் வலையில் ஒரு பக்கமாவது திறந்து வையுங்கள். இல்லாவிட்டால் மூச்சின் ஈரம் உள்துணியில் படிந்து, விடியற்காலையில் போர்வைமேல் சொட்டும். உள்ளே கரி அடுப்பு வைத்துக் குளிர் காய்வது உயிருக்கே ஆபத்து. அதை யார் பரிந்துரைத்தாலும் கேட்க வேண்டாம்.

தண்ணீர்க் கணக்கு எளிது. நடப்பதும் வண்டியில் சுற்றுவதுமாக இருக்கும் நாளில் ஆளுக்கு 3 லிட்டர் குடிப்பதற்கு, 2 லிட்டர் கைகால் கழுவவும் சமையலுக்கும். ஐந்து பேருக்கு நாளொன்றுக்கு 25 லிட்டர். விடுதியில் தண்ணீர் கிடைக்கும் என்றாலும், 20 லிட்டர் கேன் ஒன்று எப்போதும் வண்டியில் இருக்கட்டும், அதைக் கடைசிவரை தொடாதீர்கள். உலர்ந்த காற்றில் வியர்வை உடனே மறைந்துவிடுவதாலும் குளிரில் தாகம் எழாததாலும், பிள்ளைகள் குடிக்காமலேயே நாளைக் கழித்துவிடுவார்கள். மணிக்கு ஒருமுறை நீங்களே கொடுக்க வேண்டும். உதடு வெடிப்புக்கு வாசலின் கட்டாயம் தேவை.

சமைப்பது பற்றி: எரிவாயு உருளை, சிறிய கேன் அடுப்பு, மண்ணெண்ணெய் எதையும் ரயிலில் கொண்டு செல்லக்கூடாது. விடுதிக்காரரின் அடுப்பில் வெந்நீர் வைத்துக்கொள்ள அனுமதி கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். புளிக்காய்ச்சலும் கருப்பட்டியும் கொண்டு போங்கள், ஆனால் ஒரு வேளையாவது அவர்கள் சமைக்கும் கேர் சங்ரியைச் சாப்பிட்டுப் பாருங்கள். சங்ரி என்பது வேறொன்றுமில்லை, நம் கோயில்களில் விஜயதசமியன்று அம்பு போடும் வன்னி மரத்தின் காய்தான். அங்கே அது மாநில மரம், கேஜ்ரி என்பார்கள். வழியெங்கும் வன்னி, எருக்கு, இலந்தை வகைகளைக் காணும்போது ஊர்க்காட்டில் நிற்பதுபோலவே தோன்றும்.

பாம்பு உண்டு. சுருட்டை விரியன் நம் பக்கத்து மண்ணிலும் இருப்பதுதான்; அங்கும் உண்டு. ஆனால் டிசம்பர்க் குளிரில் பாம்புகள் பெரும்பாலும் வளையைவிட்டு வெளியே வருவதில்லை. காலணியைக் கூடாரத்துக்குள் வைத்து, காலையில் உதறி அணிவது, இரவில் விளக்கின்றி ஓர் அடியும் வைக்காதிருப்பது, விறகையோ கல்லையோ வெறுங்கையால் புரட்டாதிருப்பது ஆகிய மூன்றும் தேளுக்கும் சேர்த்துப் போதுமானவை. கடித்துவிட்டால் கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் ஜெய்சால்மர் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். ஆகவேதான் இரவில் ஓட்டுநரும் வண்டியும் உங்களோடு தங்க வேண்டும் என்று பேசிக்கொள்ளச் சொல்கிறேன்.

கானமயிலைப் பற்றி உங்கள் மகளிடம் முன்பே சொல்லி வையுங்கள்: அது தென்படாமலும் போகலாம். உலகத்தில் எஞ்சியிருப்பவை ஏறக்குறைய 150 மட்டுமே. அவற்றில் பெரும்பான்மை இந்தப் பகுதியில்தான் வாழ்கின்றன. பெயரில் மயில் இருந்தாலும் இது மயில் இனமன்று. ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம் நிற்கும். ஆண் பறவை 15 கிலோ வரை எடை வரும். தரையில் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை இடும். நேர் முன்னே பார்க்கும் பார்வை குறுகியது என்பதால், பறக்கும்போது மின்கம்பிகளைக் கவனிக்காமல் மோதி இறக்கிறது. ராதாபுரத்தில் காற்றாலைகளுக்கு நடுவே வளர்ந்த உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கம்பிகளைத் தரைக்கடியில் பதிக்கும்படி 2021-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டு, 2024-இல் அதைத் திருத்தி நிபுணர் குழுவின் ஆய்வுக்கு விட்டது. பார்க்க வேண்டுமானால் சுதாசரிப் பக்கம், அனுமதி பெற்ற வண்டியில், விடிந்த முதல் இரண்டு மணி நேரத்தில் போங்கள். தடத்தைவிட்டு வண்டியை இறக்கச் சொல்லி ஓட்டுநரை வற்புறுத்த வேண்டாம். சிங்காரா மானும் பாலைவன நரியும் பாறுகளும் காணக் கிடைப்பதற்கு வாய்ப்பு அதிகம். நிலம் பாகிஸ்தான் எல்லையை ஒட்டியது. எல்லோருடைய அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும், டிரோனை ஊரிலேயே விட்டுவிடுங்கள்.

சொந்தக் காரில் போகலாமா என்று நினைத்திருந்தால், போகவர 5,000 கிலோமீட்டருக்கு மேல் என்பதால் அந்த எண்ணத்தைக் கைவிடுங்கள். நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னை சென்று, அங்கிருந்து ஜோத்பூர் வழியாக வண்டி மாறிப் போவதே நடைமுறைக்கு ஒத்தது. முன்பதிவு இப்போது 60 நாள்களுக்கு முன்புதான் திறக்கிறது. விடுமுறைக் கூட்டத்தில் அன்று காலையே முடித்துவிட வேண்டும். தாயாருக்குக் கீழ்ப் படுக்கை கேளுங்கள். அவருடைய மாத்திரைகளைப் பயண நாள்களைவிட நான்கு நாள் கூடுதலாக எடுத்து வையுங்கள். ஒட்டகச் சவாரியை அவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒட்டகம் முதலில் பின்னங்கால்களை நிமிர்த்தி எழுவதால், மேலே இருப்பவரை முன்னால் தள்ளிவிடும். பிள்ளைகள் ஏறினால் அந்த நேரத்தில் உடம்பைப் பின்னால் சாய்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஒரு நாள் மிச்சம் பிடிக்க முடிந்தால் தாயாருக்கும் ஏற்ற இடம் ஒன்று வழியிலேயே இருக்கிறது. ஜோத்பூரிலிருந்து ஜெய்சால்மர் செல்லும் ரயில் பாதையில் பலோடியில் இறங்கினால், பக்கத்தில் கீச்சன் என்ற கிராமம். நம் கூந்தன்குளத்து மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருப்பதைப்போல, அந்த ஊர்க்காரர்கள் குளிர்காலம் முழுவதும் தானியம் இறைத்து ஆயிரக்கணக்கான கொக்கின வலசைப் பறவைகளைப் பேணுகிறார்கள். கூந்தன்குளம் 2022-இல் ராம்சர் என்ற பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது, கீச்சன் 2025-இல். காலை வெயில் ஏறுவதற்குள் போய்விட்டால், நாற்காலி போட்டு உட்கார்ந்தபடியே அவை கூட்டம் கூட்டமாக இறங்குவதைப் பார்க்கலாம்.