பேர்ல் ஒயிட்டில் முத்து கிடையாது

அன்புள்ள சார்,

தமியாவின் 1/24 ஃபோக்ஸ்வாகன் 1300 பீட்டில் (1966) மாடல் கார் கிட்டை நான்கு மாதமாகச் செய்துகொண்டிருக்கிறேன். நிறம் அந்தக் காலத்து பேர்ல் ஒயிட். சாம்பல் பிரைமர் இரண்டு முறை, வெள்ளை லாக்கர் ஐந்து முறை, அதன்மேல் முத்துப்பொடி கலந்த கோட் ஒன்று, கடைசியாக ஸ்ப்ரே கேனில் லாக்கர் கிளியர் (நிறமற்ற மேல்பூச்சு) நான்கு முறை அடித்தேன். பளபளப்பு வந்துவிட்டது, ஆனால் ஷோரூம் வண்டியில் தெரிவதுபோல முகம் தெரியவில்லை. கதவின் சந்தைக் காட்டும் கதவுக்கோடும் கொஞ்சம் மங்கிவிட்டது. எந்த கிளியர் வாங்கினால் கண்ணாடி மாதிரி வரும்? ஹார்டனர் கலந்து இறுகவைக்கும் டூ-கே கிளியர் போடலாமா? 0.2 மி.மீ. ஊசி ஏர்பிரஷ் வாங்கியே ஆகவேண்டுமா? மங்கிய கோட்டைப் பெயின்ட்டின் மேலேயே கீறி ஆழப்படுத்தலாமா? படங்கள் இணைத்துள்ளேன்.

கே., கோவை

அன்புள்ள கே.,

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சீட்டின் ஓரப் பைப்பிங்கைக் கையாலேயே வரைந்திருக்கிறீர்கள், கோடு எங்கும் நடுங்கவில்லை. டேஷ்போர்டை வண்டியின் நிறத்திலேயே அடித்திருக்கிறீர்கள். 1966 பீட்டிலின் டேஷ்போர்டு வெறும் தகரம், வெளியே என்ன நிறமோ அதுதான் உள்ளேயும். பெரும்பாலோர் அதைக் கறுப்பாக அடித்துக் கெடுப்பார்கள். கதவுக்குப் படியாக நீளும் பலகையின் ரப்பரைப் பளபளப்பில்லாமல் விட்டதும் சரி. இவ்வளவு கண் உள்ள ஆள், வெளியே வந்ததும் ஏன் இப்படிக் கண்ணை மூடிக்கொண்டீர்கள்?

முதலில் அந்த முத்துப்பொடி. பேர்ல் ஒயிட் என்பது ஃபோக்ஸ்வாகன் வைத்த பெயர், குறியீடு எல்87. லேசாக மஞ்சள் படிந்த, சாதாரணக் கெட்டி வெள்ளை அது. அதில் மினுக்கும் கிடையாது, மைக்காவும் கிடையாது. பெயரைப் படித்துவிட்டு முத்தைத் தேடிப்போனது, மல்லிகை நிறப் புடவை என்றதும் அதில் சென்ட் தெளித்த கதை. பொடியின் துகளும் 24 மடங்கு சிறுத்தால்தான் பொருந்தும், அது சிறுக்காது. படத்தில் கூரைமேல் சர்க்கரை தூவியதுபோலத் தெரிவது அதுதான்.

எந்த கிளியர் என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு வருகிறேன். அதற்குமுன் ஒரு கணக்கு. அண்மைக்காலமாக வருகிற மாடல் படங்களில் பாதி, குலோப்ஜாமூன் போல ஜீராவில் ஊறிக் கிடப்பதைப் பார்த்துப் பார்த்து, இதை யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் என்றிருந்தேன். மாட்டியது நீங்கள்.

உண்மையான பீட்டிலின் இரு அச்சுகளுக்கும் நடுவே 2,400 மி.மீ. உங்கள் மாடலில் அது சரியாக 100 மி.மீ. கதவுக்கும் உடலுக்கும் நடுவே உள்ள சந்து நிஜத்தில் நாலரை மில்லி என்று வையுங்கள், மாடலில் அது 0.19 மி.மீ. இதுவரை எல்லாம் 24-ஆல் வகுபட்டது. பெயின்ட் மட்டும் வகுபடாது. நிஜ வண்டியின் மொத்தப் பூச்சு சுமார் 100 மைக்ரான், அதாவது 0.1 மி.மீ. கணக்குப்படி மாடலுக்கு வேண்டியது நான்கே மைக்ரான். யாராலும் அடிக்க முடியாது. நம்மால் முடிந்தது, முடிந்தவரை அதன் பக்கமாக நெருங்குவதுதான். நீங்கள் எதிர்த்திசையில் நடந்திருக்கிறீர்கள். பிரைமர் 2, வெள்ளை 5, முத்து 1, கிளியர் 4. ஆக 12. காய்ந்தபின் ஒன்றுக்கு 15 மைக்ரான் என்று குறைத்தே போட்டாலும் 180 மைக்ரான். அதை 24-ஆல் பெருக்குங்கள்: 4.3 மி.மீ. நிஜ பீட்டிலுக்கு நாலு மில்லிக்குமேல் சாந்து பூசினால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது உங்கள் வண்டி. வருஷா வருஷம் சுண்ணாம்படித்து விரல்களெல்லாம் ஒட்டிப்போன மண்டபத்துத் தூண் சிற்பம் பார்த்திருப்பீர்கள். சிற்பி குறை வைக்கவில்லை. அடித்தவர்களும் பக்தியோடுதான் அடித்தார்கள்.

கணக்கை நம்பவேண்டாம். ஒரு பிளாஸ்டிக் ஷீட் துண்டை மைக்ரோமீட்டரில் அளந்து எழுதிக்கொண்டு, அதன்மேல் இதே 12 கோட்டையும் அடித்து, ஒரு வாரம் கழித்து மறுபடி அளந்துபாருங்கள். உங்கள் ஊரில் லேத் பட்டறைக்கா பஞ்சம்?

கோடு மங்குவதற்குக் காரணம் பருமன் மட்டுமல்ல. ஈரப் பெயின்ட் விளிம்பில் நிற்காது, மேடான இடத்திலிருந்து விலகிப் பள்ளத்துக்குள் இழுபடும். அதனால் கதவுக்கோட்டின் அடியில் பெயின்ட் தேங்குகிறது, அதன் இரு உதடுகளிலும் மெலிகிறது. பள்ளம் தூர்கிறது, உதடு மழுங்குகிறது, இரண்டும் ஒரே நேரத்தில். பிறகு பாலிஷ் போடும்போது முதலில் பிளாஸ்டிக் எட்டிப்பார்ப்பதும் அந்த உதட்டில்தான். ‘எவ்வளவு மெதுவாகத் தேய்த்தாலும் ஓரம் போய்விடுகிறது’ என்று புலம்புகிறவர்கள் தேய்ப்பில் குறை தேடுகிறார்கள், குறை அதற்கு முந்தின வாரமே நடந்துவிட்டது.

இன்னொன்று. அந்தக் காலத்தில் இந்தக் கெட்டி நிறங்களின்மேல் கிளியர் என்ற ஒன்றே கிடையாது. ஃபோக்ஸ்வாகனின் வோல்ஃப்ஸ்பர்க் ஆலையில் எனாமலை அடித்து அடுப்பில் பதமாக்கினார்கள், பளபளப்பு அந்த நிறத்துக்குள்ளிருந்தே வந்தது. அது மென்மையான பளபளப்பு. நீங்கள் சொல்கிற ‘முகம் தெரிகிற’ பளபளப்பு இன்றைய ஷோரூம் வண்டியுடையது. ஆக, எந்த கிளியர் என்ற கேள்விக்குப் பதில்: எதுவும் வேண்டாம். மெட்டாலிக் நிறம் என்றால் வேண்டும், ஏனென்றால் அதை நேராகத் தேய்த்தால் துகள் திட்டுத்திட்டாகக் கறுக்கும். பந்தய வண்டிபோல உடல் முழுக்க டீகால் (நீரில் நனைத்து ஒட்டும் ஸ்டிக்கர்) என்றாலும் வேண்டும். உங்கள் பீட்டிலில் டீகால் என்று சொல்ல நம்பர் பிளேட்டை விட்டால் என்ன இருக்கிறது?

டூ-கே பற்றிப் பேசவே வேண்டாம். அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. துணி மாஸ்க்கும் ஆஸ்பத்திரி மாஸ்க்கும் அதைத் தடுக்காது. வீட்டு பால்கனியில் அடிக்கிற சாமான் அல்ல. ஒருமுறை இறுகிவிட்டால் கழற்றவும் முடியாது. நீங்கள் லாக்கரோடு நின்றது உங்கள் அதிர்ஷ்டம்.

பெயின்ட்டின் மேலேயே கீறலாமா? கூடாது. சில்லுச்சில்லாகப் பெயரும். மொத்தத்தையும் கழற்றுங்கள். மனசு வராது, தெரியும், நான்கு மாத உழைப்பு. ஆனால் உள்ளே நீங்கள் செய்த நல்ல வேலையில் ஒன்றும் போகப்போவதில்லை, மேலோடு மட்டும்தான்.

கண்ணாடிகள், குரோம் பாகங்கள், அடிப்பகுதி எல்லாவற்றையும் பிரித்து வைத்துவிட்டு, உடலை மட்டும் மூடியுள்ள டப்பாவில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் மூழ்கப் போடுங்கள். 99 சதவீதமே கடைகளில் கிடைக்கும். ஒரு நாள் ஊறட்டும், நடுவில் இரண்டு மூன்று முறை எடுத்துப் பழைய டூத்பிரஷ்ஷால் தேயுங்கள். அவசரப்பட்டு லாக்கர் தின்னரிலோ அசிடோனிலோ போட்டால் பெயின்ட்டோடு பிளாஸ்டிக்கும் குழைந்துவிடும். பிறகு பாத்திர சோப்பில் கழுவி, விரல்படாமல் காயவையுங்கள்.

இப்போது கோடு. கத்தி பிளேடைப் புரட்டிப் பிடித்து, நுனியின் பின்பக்கத்தால், தள்ளாமல் உங்கள் பக்கமாக இழுங்கள். கையின் கனம் போதும், அழுத்தவேண்டாம். முதல் இரண்டு இழுப்பில் ஒன்றும் நடக்காததுபோல இருக்கும், மூன்றாவதிலிருந்து சுருள்சுருளாகப் பிளாஸ்டிக் வரும். ஐந்தாறு இழுப்பில் போதுமான ஆழம். நேர்க்கோட்டுக்குத் தடித்த லேபிள் டேப்பை ஒட்டி அதன் ஓரமாக இழுக்கலாம், கதவின் வளைவான மூலைகளுக்கு ஊசிதான் சரி. வழுக்கிக் கீறல் விழுந்தால் பதறாதீர்கள்: ஒரு துளி சூப்பர் குளூ, காய்ந்ததும் 800 உப்புத்தாள். முடிந்ததும் பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் நீர்போன்ற மெல்லிய பசையைப் பள்ளத்துக்குள் ஒரே ஒரு முறை ஓட்டினால் பிசிறுகள் கரைந்து அடங்கும்.

அளவு பார்க்க ஷேவிங் பிளேடு போதும். இருபுறமும் கூரான சாதா பிளேடின் தடிமன் 0.1 மி.மீ. இரண்டைச் சேர்த்துப் பிடித்தால் 0.2. கீறி முடித்ததும் இரண்டும் நுழையவேண்டும், நிறம் அடித்து முடித்தபின் ஒன்றாவது நுழையவேண்டும். காய்ந்தபின்தான், ஈரத்தில் நுழைத்துவிட்டு எனக்கு எழுதாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. மட்கார்டு உடலோடு சேருமிடத்தையும் கதவுக்கோடு என்று நினைத்து ஆழக் கீறிவிடாதீர்கள். பீட்டிலின் நான்கு மட்கார்டும் போல்ட் போட்டு முடுக்கியவை, நடுவே பீடிங் என்ற மெல்லிய பட்டி ஓடுகிறது. அது சந்து அல்ல, நிரம்பிய இணைப்பு. அங்கே நிழல் விழக்கூடாது, ஒரு மெல்லிய வரம்பு தெரியவேண்டும்.

அடுத்து பிரைமர். ஐந்து கோட் வெள்ளை ஏன் தேவைப்பட்டது? சாம்பலை மறைக்க. வெள்ளைப் பிரைமர் போட்டிருந்தால் மூன்றே போதும். கூடுதல் பருமனை நீங்களே காசு கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள். பிரைமரை நன்றாக நீர்க்கவிட்டு மூடுபனிபோல இரண்டு முறை, பிறகு 1500 தாளில் தண்ணீர் தொட்டு ஒரு தடவல். வெள்ளை லாக்கரில் மஞ்சள் பழுப்பு ஒன்றிரண்டு சொட்டு கலந்து, ஒரு பங்குக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு பங்கு தின்னர். காற்று 1 பார், தூரம் 8 முதல் 10 செ.மீ. முதல் கோட் தூவலாக, பத்து நிமிடம் கழித்து ஈரமாக ஒன்று, பின் இன்னொன்று. மூன்றோடு நிறுத்துங்கள். நான்காவதுக்குக் கை பரபரக்கும், ஏர்பிரஷ்ஷைக் கழுவப் போய்விடுங்கள். 0.3 ஊசியே தாராளம், 0.2 வாங்கினால் வெள்ளையில் அடைத்துக்கொண்டு அழவைக்கும். மழைநாளில் அடிக்கவேண்டாம், ஈரம் சேர்ந்து லாக்கர் மங்கிப் பூத்துவிடும்.

மூன்று நாள் கழித்து மூக்கருகே வைத்துப் பாருங்கள். தின்னர் வாசனை வந்தால் இன்னும் காயவில்லை. வராவிட்டால், விளிம்புகளில் ஒரு மில்லி அகலத்துக்கு டேப் ஒட்டி, 4000, பிறகு 8000 பாலிஷிங் துணி, கடைசியில் நைஸ் காம்பவுண்ட். டேப்பை எடுத்துவிட்டு ஓரங்களைக் காம்பவுண்டால் மட்டும் நாலு தடவல். ஆரஞ்சுத் தோல்போலப் புள்ளி இருந்தால்தான் 2000-லிருந்து தொடங்கவேண்டும். மெல்லிய பூச்சில் அந்தத் தோல் பெரும்பாலும் வராது.

கோட்டுக்குள் கறுப்பு மை விடாதீர்கள், வெள்ளை வண்டி கார்ட்டூன் ஆகிவிடும். நடுத்தரச் சாம்பலில் எனாமல் வாஷ் (நீர்க்கக் கரைத்த பெயின்ட்) போதும்.

பம்பர் குரோமைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை, நானும் விட்டுவிடுகிறேன். ஆல்கஹால் வாங்கப்போகும்போது ஒரு பாக்கெட் பிளேடும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.