உள்பக்கம் மடங்கும் கண்ணிமை: சொட்டு மருந்து போதுமா?

கேள்வி: என் தாயாருக்கு வயது 74. ஓராண்டாக அவருடைய வலது கண்ணின் கீழ் இமை உள்பக்கமாக மடங்கிக்கொள்கிறது. மண் விழுந்ததுபோல் உறுத்துகிறது, நீர் வடிந்துகொண்டே இருக்கிறது என்கிறார். குத்துகிற முடிகளைப் பிடுங்கிவிட்டால் சில வாரங்கள் நன்றாக இருக்கிறார். கண் மருத்துவர் அறுவை சிகிச்சை வேண்டும் என்கிறார். இந்த வயதில் அது தேவையா? சொட்டு மருந்திலேயே சரிசெய்ய முடியாதா?

பதில்: உங்கள் தாயாருக்கு அறுவை சிகிச்சை தேவை என்றே நானும் கருதுகிறேன். சொட்டு மருந்தும் களிம்பும் கண்ணின் மேற்பரப்பை ஈரமாக வைத்து உறுத்தலைக் குறைக்குமே தவிர, மடங்கிய இமையை நிமிர்த்தாது.

நீங்கள் விவரிப்பதை மருத்துவத்தில் 'எண்ட்ரோபியன்' என்கிறோம். கீழ் இமையை இருபுறமும் எலும்போடு இழுத்துப் பிடித்திருக்கும் தசைநார்கள் முதுமையில் தளர்கின்றன. இமையின் கீழ் விளிம்பைக் கீழ்நோக்கி இழுத்து நிலைநிறுத்தும் தசைப்படலமும் பிடி விட்டுப்போகிறது. அப்போது கண்ணை மூடும் தசை மேலேறி அழுத்த, இமையின் ஓரம் உள்ளே சுருண்டுவிடுகிறது. கண்ணை இறுக மூடித் திறக்கும்போது இது கூடுதலாகத் தெரியும். முதுமை மட்டுமே காரணம் அல்ல. டிரக்கோமா எனும் கண் தொற்று, ரசாயனக் காயம், சில மருந்துகளின் கடுமையான ஒவ்வாமை ஆகியவை இமையின் உட்புறத்தில் தழும்பை உண்டாக்கினாலும் இமை உள்ளே இழுக்கப்படும். அதற்குச் செய்யும் அறுவை சிகிச்சை வேறு என்பதால், மருத்துவர் இமையைப் புரட்டிப் பார்ப்பது அவசியம்.

இதற்கு நேர்மாறாக இமை வெளிப்பக்கம் தொங்குவதும் உண்டு. முதுமைத் தளர்ச்சி, முகவாதம், கன்னத்துத் தோலில் ஏற்பட்ட தழும்பு ஆகியவற்றால் அது வரலாம். மேல் இமை தாழ்ந்து பார்வையை மறைப்பது வேறொரு வகை. அது திடீரென வந்து, இரட்டைப் பார்வையோ தாங்க முடியாத தலைவலியோ உடன் இருந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

என் கவலை உங்கள் தாயாரின் இமையைவிட அவருடைய கருவிழியைப் பற்றியது. ஒவ்வொரு முறை கண் சிமிட்டும்போதும் முடிகள் கருவிழியில் உரசுகின்றன. அந்தக் கீறல் வழியே கிருமி நுழைந்தால் புண் உண்டாகி, ஆறிய பின்னும் வெண்தழும்பு தங்கிப் பார்வையை நிரந்தரமாகக் குறைக்கக்கூடும். முடியைப் பிடுங்குவதை நிறுத்திவிடுங்கள். மீண்டும் முளைக்கும் குட்டை முடி விறைப்பாக இருந்து முன்னைவிட மோசமாகக் குத்தும். ஓராண்டாகச் சிகிச்சை தள்ளிப்போனதற்கும் அந்தத் தற்காலிக நிம்மதிதான் காரணம் என்று நினைக்கிறேன். அறுவை சிகிச்சை நாள் வரும்வரை கீழ் இமையின் தோலைக் கன்னத்தை நோக்கி மெல்ல இழுத்து மருத்துவ ஒட்டுநாடாவால் ஒட்டிவைக்கலாம். ஒட்டும் முறையை மருத்துவரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள்.

வயதை எண்ணி அஞ்ச வேண்டாம். இமையைச் சுற்றி மட்டும் மரத்துப்போக ஊசி போட்டுச் செய்யப்படும் இந்தச் சிகிச்சைக்குப் பொதுவாக ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே ஆகும். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். தளர்ந்த இமையின் வெளி ஓரத்தைச் சற்றே சுருக்கி, கண்குழி எலும்பின் உறையோடு இழுத்துத் தைப்பார்கள். பிடி விட்ட தசைப்படலத்தையும் மீண்டும் இணைப்பார்கள். மிகவும் தளர்ந்த உடல்நிலை உள்ளவர்களுக்குத் தையல் மட்டும் போட்டு இமையை வெளியே திருப்பும் எளிய முறையும் உண்டு. ஆனால் அதில் இமை மீண்டும் மடங்கும் வாய்ப்பு அதிகம் என்பதால், உடல் தாங்குமானால் முழுச் சிகிச்சையையே நான் பரிந்துரைப்பேன்.

ரத்தம் உறையாமலிருக்க உங்கள் தாயார் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் அறுவை சிகிச்சை நிபுணரிடம் முன்னதாகவே தெரிவியுங்கள்; அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அதை எழுதிக்கொடுத்த மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும். சிகிச்சைக்குப் பின் ஓரிரு வாரங்கள் வீக்கமும் கன்றிய நிறமும் இருப்பது இயல்பே. வலி கூடினாலோ, பார்வை மங்கினாலோ, சீழ் வடிந்தாலோ அன்றே காட்டுங்கள். சிகிச்சைக்கு முன்பே கண் மிகவும் சிவந்து, வெளிச்சம் கூசி, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலும் அவ்வாறே உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.