பழைய ஹாக்கி அணியின் சீருடையை மாற்றும்போது அதன் வரலாற்றை எப்படிக் காப்பது?

மரபு காக்கும் மறுவடிவமைப்பு என்பது, துணியும் தையலும் காலத்துக்கேற்ப மாறினாலும், தூரத்திலிருந்தே அணியை அடையாளம் காட்டும் நிறம், பட்டை, சின்னம் ஆகியவற்றில் கை வைக்காமல் இருப்பதாகும். காரணம் எளியது: கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கு வீரரின் முகம் தெரியாது, நிறம்தான் தெரியும், தாத்தா பார்த்த அணியும் பேரன் பார்க்கும் அணியும் ஒன்றுதான் என்று சொல்வதும் அந்த நிறமே.

காரைக்குடிக் கண்டாங்கியைப் பாருங்கள். அன்றைய ஆச்சிகள் கணுக்கால் தெரியக் கட்டிய குட்டைச் சேலை இன்று நீளமாகவும் அகலமாகவும் நெய்யப்படுகிறது. ஆனால் அரக்கும் கடுகு மஞ்சளுமான கட்டங்களும் பட்டையான கரையும் மாறாததால், கொடியில் காயும்போதே அது கண்டாங்கி என்று தெருவில் போகிறவர் சொல்லிவிடுவார். 2019இல் புவிசார் குறியீடு பெற்றதும் இந்தச் சேலைதான்.

ஆடுகளத்தையும் மறக்கக் கூடாது (பலரும் மறப்பது இதைத்தான்). 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஹாக்கித் தரை நீலமானது. நீலச் சட்டை அணியும் அணிகள், தரையோடு கலந்துவிடாத சாயலையும் எடுப்பான எண்களையும் தேட வேண்டியிருக்கிறது.

பழைய சட்டையை அச்சு அசலாக நகலெடுப்பதே மரியாதை என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் காலப் பருத்திச் சட்டையோ வியர்வையைக் குடித்துக் கனத்து, ஓடுகிறவரின் உடம்போடு ஒட்டிக்கொள்ளும்.