வீரர் கோடிக்குப் போகிறார், வளர்த்த கிளப்புக்கு என்ன கிடைக்கும்?

கேள்வி: ஐரோப்பியக் கால்பந்தில் ஒரு வீரருக்கே ஆயிரம் கோடிக்கு மேல் கொடுக்கிறார்கள். சின்ன வயதில் அவருக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்த கிளப்புக்கு அதில் ஏதாவது போகுமா?

போகும். ஒப்பந்தக் காலம் முடிவதற்குள் ஒரு வீரரை வேறு நாட்டுக் கிளப் விலை கொடுத்து வாங்கினால், அந்த விலையில் 5 சதவீதத்தை அவருடைய 12 வயதிலிருந்து 23 வயது வரை பயிற்சி கொடுத்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தர வேண்டும். இது உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் விதி. நெய்மார் 11 வயதில் பிரேசிலின் சான்டோஸ் கிளப்பில் சேர்ந்து 21 வயது வரை அங்கே ஆடினார். 2017-இல் பார்சிலோனாவிடமிருந்து பாரிஸ் கிளப் அவரை 22.2 கோடி யூரோவுக்கு வாங்கியபோது, அதில் ஏறக்குறைய 4 சதவீதம் சான்டோஸுக்கு உரிய பங்கு. அவர் அங்கிருந்து கிளம்பி நான்கு வருடம் கழித்து!

இந்த விதி சும்மா வந்துவிடவில்லை. ஒப்பந்தம் முடிந்த வீரருக்குப் பழைய கிளப் விலை கேட்கக் கூடாது என்று 1995-இல், போஸ்மான் என்ற பெல்ஜிய வீரர் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீரர்களுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் பையன்களை வளர்த்து விற்றே பிழைத்த சின்னக் கிளப்புகளுக்கு வருமானம் அடிபட்டது. அதை ஈடுகட்டத்தான் 2001-இல் புது விதிகள் வந்தன. அப்புறமும் பல கிளப்புகளுக்குத் தங்கள் பங்கைக் கேட்டு வாங்கவே வழி தெரியவில்லை. 2022 நவம்பரிலிருந்துதான் பாரிஸில் உள்ள தனி அமைப்பு ஒன்று கணக்குப் பார்த்துப் பணத்தைக் கைமாற்றுகிறது.

ஒரு விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. 12 முதல் 15 வயது வரையிலான ஒவ்வொரு வருடத்துக்கும் விலையில் 0.25 சதவீதம்தான், 16 வயதிலிருந்து 0.5. பொடியனாக இருக்கும்போதே திறமையைக் கண்டுபிடித்தவருக்குப் பாதிப் பங்கு என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நான் மன்னார்குடிப் பக்கம். எங்களுக்குக் கால்பந்தைவிடக் கபடிதான் உயிர். வடுவூர் மாதிரி ஊர்களில் கபடி ஆடியே போலீஸ், ரயில்வே வேலைக்குப் போனவர்கள் உண்டு. மைதானத்து லைட், வேன் வாடகை, முட்டி போனால் ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் ஊர்க்காரர்களும் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளும் போடும் பணத்தில்தான் நடக்கிறது. 2022 புரோ கபடி ஏலத்தில் பவன் ஷெராவத்தைத் தமிழ் தலைவாஸ் 2.26 கோடிக்கு எடுத்தது. அதில் 5 சதவீதம் என்றால் 11.3 லட்சம். ஒரு கிராமத்து அணிக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் கால்பந்து விதியை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. அங்கே கொடுக்கும் விலை ஒரு கிளப் இன்னொரு கிளப்புக்குத் தருவது. வீரரின் சம்பளம் தனி. இங்கே ஏலத்தொகைதான் அவருடைய சம்பளமே. அதில் கைவைத்தால் அவர் வயிற்றில் அடிப்பதாகிவிடும். ஆடும் காலமே கொஞ்ச வருடம்தான். அதனால் லீகின் டிவி, விளம்பர வருமானத்திலிருந்து ஒரு பங்கை ஒதுக்கி, ஏலத்தில் எடுக்கப்படும் ஒவ்வொரு வீரருக்காகவும் அவரை வளர்த்த அணிகளுக்குத் தரலாம். அதற்கு முதலில், எந்தப் பையன் எந்த வயதில் எந்த அணிக்கு ஆடினான் என்ற பதிவு வேண்டும். கால்பந்தில் ஒவ்வொரு வீரருக்கும் அப்படி ஒரு பதிவு இருப்பதால்தான் பங்கைப் பிரிக்கவே முடிகிறது. நம் மாவட்டக் கபடிக் கழகங்கள் யாருக்கும் காத்திருக்காமல் அதை இப்போதே ஆரம்பிக்கலாம்.