நூற்றாண்டு மலரும் கொழுப்புத் துண்டும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். நான் 31 வருடம் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் ஆங்கிலம் எடுத்து ஓய்வு பெற்றவள். ஷேக்ஸ்பியர் கதைகளைப் பல வருடம் நான்-டீட்டெயிலாக நடத்தியிருக்கிறேன். அந்தக் கதைகளை எழுதிய சார்லஸ் லாமும் கவிஞர் கோல்ரிட்ஜும் ஒரே தர்மப் பள்ளியில் படித்தவர்கள் என்று போன மாதம் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். இத்தனை வருடம் பாடம் நடத்திய எனக்கு அது தெரியாது. அங்கே படித்தவர்கள் பிற்காலத்தில் என்ன ஆனார்கள் என்று கொஞ்சம் விரிவாக எழுத முடியுமா? கேட்பதற்குக் காரணம் உண்டு. எங்கள் பள்ளிக்கு நூற்றாண்டு விழா வருகிறது, மலர்க் குழுவில் என்னையும் போட்டிருக்கிறார்கள். கலெக்டர் ஆனவர், டாக்டர் ஆனவர், அமெரிக்காவில் இருப்பவர் என்று பட்டியல் தயாராகிவிட்டது. எனக்கென்னவோ அது நிறைவாக இல்லை. ஏன் என்று சொல்லவும் தெரியவில்லை.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள டீச்சர்,

அந்தப் பள்ளியின் பெயர் கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல். ஆஸ்பத்திரி இல்லை. ஆதரவற்றவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற இடத்துக்கு அன்று அதுதான் சொல். 1552ல், ஆறாம் எட்வர்ட் காலத்தில், லண்டன் தெருக்களில் திரிந்த பிள்ளைகளுக்குச் சோறும் படிப்பும் கொடுப்பதற்காக ஒரு பழைய துறவி மடத்தில் ஆரம்பித்தார்கள். நீளமான நீலக் கோட்டு, மஞ்சள் காலுறை. 1902ல் பள்ளி சசெக்ஸில் ஹார்ஷம் பக்கம் குடிபோய்விட்டது, உடுப்பு மட்டும் மாறவில்லை. இன்றைக்கும் அங்கே பிள்ளைகள் மஞ்சள் காலுறையோடு பேண்டு வாத்தியம் முழங்க மதியச் சாப்பாட்டுக்கு அணிவகுத்துப் போகிறார்கள். ஈட்டன், ஹாரோ மாதிரி பிரபுக்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கான இடமல்ல. அன்று அங்கே சேர வேண்டுமென்றால் பெரிய மனிதர் யாராவது சிபாரிசு செய்ய வேண்டியிருந்தது. லாமின் அப்பா ஒரு வக்கீலிடம் எழுத்தராகவும் வேலைக்காரராகவும் இருந்தவர், அந்த முதலாளியின் தயவில்தான் 1782ல் ஏழு வயதுப் பையனுக்கு இடம் கிடைத்தது. அதே வருடம் டெவன்ஷயரிலிருந்து, முந்தின வருடம்தான் அப்பாவைப் பறிகொடுத்த ஒரு பையன் வந்து சேர்ந்தான். பாதிரியார் வீட்டுக் கடைசிப் பிள்ளை. அவன்தான் கோல்ரிட்ஜ்.

இரண்டு பேரும் ஒரே பள்ளியில் படித்தார்கள் என்று நான் எழுதியது பாதிதான் சரி.

லாம் இந்தப் பள்ளியைப் பற்றி இரண்டு முறை எழுதியிருக்கிறார். 1813ல் எழுதியது முழுக்கப் பாராட்டு, கிட்டத்தட்ட உங்கள் நூற்றாண்டு மலரில் போடக்கூடிய கட்டுரை. 1820ல் எலியா என்ற புனைபெயரில் மறுபடி எழுதும்போது ஒரு விளையாட்டு விளையாடினார். கோல்ரிட்ஜின் இடத்தில் தன்னை உட்கார வைத்துக்கொண்டு, 'லாம் என்று ஒருவர் இந்தப் பள்ளியை ஏகத்துக்குப் புகழ்ந்திருக்கிறார், அவருக்கென்ன, வீடு பக்கத்தில் இருந்தது' என்று தன்னையே வம்புக்கு இழுத்தார். உண்மைதான், லாமின் வீடு நடந்துபோகிற தூரம். மற்றவர்கள் விடுதிக் கஞ்சியையும் தண்ணீர்க் குழம்பையும் விழுங்கிக்கொண்டிருக்கும்போது, வயதான அத்தை சுடச்சுட வறுத்த கறியைத் தட்டில் மூடி எடுத்துக்கொண்டு வந்து, ஏதோ ஒரு மூலைக் கல்லில் உட்கார்ந்து ஊட்டாத குறையாகக் கொடுத்துவிட்டுப் போவாள். அத்தை மேல் பாசம், அவள் வந்து உட்கார்ந்திருக்கும் கோலத்தைப் பார்த்து வெட்கம், சுற்றி நிற்கிற பையன்களுக்குப் பங்கு கொடுக்கக் காணாதே என்கிற சங்கடம், எல்லாவற்றையும் மீறிப் பசி. விடுதியில் பிள்ளையைப் பார்க்கத் தூக்குவாளியோடு வருகிற அம்மாக்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள், நான் இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. கோல்ரிட்ஜுக்கு அப்படி யாருமே வரவில்லை. விடுமுறை நாளில் பையன்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிடுவார்கள். வீடு உள்ளவன் வீட்டுக்குப் போவான். மற்றவன் இருட்டும்வரை லண்டன் தெருவில் கடை கடையாக வேடிக்கை பார்த்துக்கொண்டு திரிய வேண்டியதுதான்.

அதே கட்டுரையில் இன்னொரு பையன் வருகிறான். வேகவைத்த மாட்டிறைச்சியின் கொழுப்பை அங்கே எந்தப் பையனும் தொடமாட்டான், தின்கிறவனைப் பிசாசைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். இந்தப் பையனோ எல்லார் தட்டிலும் மிச்சம் கிடக்கிற கொழுப்பைப் பொறுக்கி எடுத்துப் படுக்கைக்குப் பக்கத்தில் ஒளித்துவைக்கிறான். ராத்திரி எழுந்து தின்கிறான் என்று பேச்சு. பிறகு அதைத் துணியில் கட்டி வெளியே எடுத்துப்போவதைப் பார்த்துவிட்டு, விற்கிறான் என்றார்கள். யாரும் அவனோடு பேசுவதில்லை, விளையாடுவதில்லை. கடைசியில் இரண்டு பேர் பின்னாலேயே போய்ப் பார்த்தால், பிச்சைக்காரர்கள் குடியிருக்கிற ஒரு பழைய கட்டடத்தில் நாலு மாடி ஏறி ஒரு கதவைத் தட்டுகிறான். உள்ளே அவனுடைய அப்பா அம்மா. விசாரித்தபோது, நிர்வாகம் அந்தக் குடும்பத்துக்கு உதவி செய்து பையனுக்கு ஒரு வெள்ளிப் பதக்கமும் கொடுத்தது. அவன் பெயரை லாம் எழுதவில்லை. பிற்காலத்தில் அவன் ரொட்டிக்கடைக் கூடையைச் சுமந்துகொண்டு போவதைப் பார்த்ததாக மட்டும் ஒரு வரி இருக்கிறது.

சரி, உத்தியோகங்களுக்கு வருகிறேன். இலக்கண வகுப்பின் தலைமை ஆசிரியர் ஜேம்ஸ் போயர், அடி என்றால் அப்படி ஓர் அடி. கோல்ரிட்ஜ் ஒருமுறை செருப்புத் தைக்கிறவரிடம் தொழில் பழகப் போகிறேன் என்று கிளம்பினான், ஏனடா என்று கேட்டதற்குத் தனக்குக் கடவுள் நம்பிக்கை போய்விட்டது என்றான், போயர் பேச்சை வளர்க்காமல் பிரம்பை எடுத்தார். வாங்கிய அடிகளில் அது ஒன்றுதான் நியாயமானது என்று பிற்காலத்தில் கோல்ரிட்ஜே சொன்னார். கவிதைக்கும் அறிவியலைப்போலக் கறாரான ஒரு தர்க்கம் உண்டு என்று தனக்குக் கற்றுத்தந்தவர் போயர்தான் என்றும் அவரே எழுதியிருக்கிறார். (அடித்ததால்தான் படித்தான் என்று யாராவது இதை எடுத்துக்கொண்டு வருவார்கள், தயவுசெய்து வேண்டாம்.)

அங்கே மேல்வகுப்பு மாணவர்களுக்கு கிரேசியன் என்று பெயர். கிரேசியன் ஆனால் பள்ளிச் செலவில் பல்கலைக்கழகம், படித்து முடித்தால் பெரும்பாலும் திருச்சபை வேலை. கோல்ரிட்ஜ் கிரேசியன் ஆகி கேம்பிரிட்ஜ் போனார். லாம் அதற்கு ஒரு படி கீழே நின்றுவிட்டார். அறிவில் குறையில்லை, திக்குவாய். பிரசங்கம் செய்ய முடியாதவனைப் பாதிரியாராக்க முடியாது, ஆகவே பல்கலைக்கழகமும் இல்லை. 14 வயதில் வெளியே வந்தார், 1792ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் குமாஸ்தா. முதல் மூன்று வருடம் சம்பளம் கிடையாது. தேயிலை, நீலச்சாயம், துணி என்று இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்து இறங்கியதற்கெல்லாம் பேரேடு எழுதுகிற வேலை. நம் நெசவாளிகள் தறியில் கிடந்து நெய்ததும் ஏதோ ஒரு வரியாக அந்தக் கையெழுத்தில் இருந்திருக்கும். 33 வருடம். தன்னுடைய உண்மையான படைப்புகள் கம்பெனி அலுவலகம் இருந்த லெடன்ஹால் தெரு அலமாரியில் நூறு பேரேடுகளாக இருக்கின்றன என்று அவரே கேலி செய்துகொண்டார். 1796ல் மனநிலை பிறழ்ந்த நேரத்தில் அக்கா மேரி அம்மாவைக் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டாள். 21 வயதுத் தம்பி அவளைத் தான் பார்த்துக்கொள்வதாகப் பொறுப்பேற்று, கல்யாணம் செய்துகொள்ளாமல், சாகும்வரை பார்த்துக்கொண்டார். நீங்கள் நடத்திய ஷேக்ஸ்பியர் கதைகளில் இன்பியல் நாடகங்கள் அத்தனையும் மேரி எழுதியவை. 1807ல் புத்தகம் வந்தபோது தம்பி பெயர் மட்டும்தான் அதில் இருந்தது.

கேம்பிரிட்ஜ் போனவர் கதை என்ன? கடன், குழப்பம். 1793 கடைசியில் பொய்ப் பெயரில் குதிரைப்படையில் போய்ச் சேர்ந்தார். குதிரைமேல் ஒழுங்காக உட்காரவும் தெரியாது. நாலு மாதத்தில், புத்தி சரியில்லை என்று எழுதவைத்து அண்ணன்மார் மீட்டார்கள். பட்டம் வாங்கவேயில்லை. அப்புறம்தான் கவிதைகள், அதற்கப்புறம் அபின்.

மற்றவர்களை வேகமாகச் சொல்கிறேன். கோல்ரிட்ஜுக்கு மூத்த கிரேசியன் தாமஸ் மிடில்டன் 1814ல் கல்கத்தாவின் முதல் பிஷப் ஆனார், சென்னையும் அன்று அவருடைய ஆளுகையில்தான். கவிஞர் லீ ஹன்ட்டும் திக்குவாய்க்காரர், அதனால் அவருக்கும் பல்கலைக்கழகம் இல்லை. பத்திரிகை நடத்தி, இளவரசரைக் குண்டன் என்கிற தொனியில் எழுதி, 1813லிருந்து இரண்டு வருடம் ஜெயில். ஜெயில் அறைச் சுவரில் ரோஜாப்பூக் காகிதம் ஒட்டி, கூரையில் வானம் வரைந்து, பியானோவும் வைத்துக்கொண்டார்! அவருடைய பள்ளித் தோழர் தாமஸ் பார்ன்ஸ் 1817 முதல் 1841 வரை 'தி டைம்ஸ்' ஆசிரியர். பள்ளியிலேயே 1673லிருந்து கணிதப் பிரிவு ஒன்றும் உண்டு, 40 பையன்களுக்கு நட்சத்திரத்தை அளந்து கப்பல் ஓட்டக் கற்றுக்கொடுத்துக் கடலுக்கு அனுப்பினார்கள். அந்தப் பையன்களில் பெரும்பாலோரைப் பற்றி எந்தப் பட்டியலும் பேசுவதில்லை.

இருபதாம் நூற்றாண்டில் என்றால் எனக்குப் பார்ன்ஸ் வாலிஸ் போதும். பதின்வயதிலேயே பள்ளியை விட்டு ஒரு என்ஜின் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனவர், வேலை பார்த்துக்கொண்டே படித்து 1922ல் தான் பட்டம் வாங்கினார். தண்ணீர்மேல் தத்தித் தத்திப் போய் அணையை உடைக்கிற குண்டு அவருடைய கண்டுபிடிப்பு. 1943 மே மாதம் ஜெர்மன் அணைகளைத் தாக்க 133 பேர் போனார்கள், 53 பேர் செத்தார்கள். கீழே வெள்ளத்தில் போனவர்கள் ஆயிரத்துக்கு மேல், அதில் ஜெர்மனி கட்டாய வேலைக்குப் பிடித்து வந்திருந்தவர்கள் நூற்றுக்கணக்கானோர். இதை விட்டுவிட்டு அவரை வெறும் மேதை என்று எழுத எனக்குக் கை வராது. போருக்குப் பிறகு அரசு அவருக்கு 10,000 பவுண்ட் கொடுத்தது. அதை அப்படியே பள்ளிக்குக் கொடுத்து, விமானப் படையினரின் பிள்ளைகள் அங்கே படிப்பதற்கு நிதியாக்கிவிட்டார்.

அப்படியானால் உங்கள் மலருக்கு என்ன செய்வது? கலெக்டரை எடுத்துவிடச் சொல்ல மாட்டேன், பாவம், அவரிடம் நன்கொடையும் வாங்கியிருப்பீர்கள். ஆனால் பதவியும் ஊரும் கேட்டு அனுப்புகிற படிவத்தில் இன்னொரு கேள்வியும் சேருங்கள்: மத்தியானம் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டீர்கள், தட்டில் என்ன இருந்தது? கலெக்டருக்கும் அதே படிவம், டிரைவருக்கும் அதே படிவம். வருகிற பதிலைத் திருத்தாமல் போடுங்கள். பத்தாவதோடு நின்றுபோனவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று குழுவில் யாருக்கும் தெரியாது, ஆனால் பள்ளிக்கு எதிரே கடை வைத்திருப்பவருக்குத் தெரிந்திருக்கும். அவரிடமிருந்து ஆரம்பியுங்கள். மலர் அச்சானதும் எனக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும், தபால் செலவு என்னுடையது.